பதினேழாம் எண்

கேட் போட்டுவிட்டார்கள்.
ஐம்பத்திரண்டு டேங்கர் பெட்டிகள், எண்ணினேன்.
கடைசிப் பெட்டி நகர்ந்ததும் கொருக்குப்பேட்டை
ஒரே மூச்சில் ஹாரன் அடித்தது.

இடித்துத் தள்ளிய பதினொரு பிளாக்குகளின் நடுவே
முப்பத்தொரு மரங்கள்,
இனி எந்த ஜன்னலுக்கு நிழல் என்று தெரியாமல்.

டேப், மரச்சுத்தியல், சுண்ணாம்பு, நம்பர் தகடு.
காவலாளி அதற்குள் எனக்குப் பேர் வைத்துவிட்டார்:
மர டாக்டரம்மா.
பணம் தருகிறவர்களுக்கு என்னிடம் வேண்டியது
இறப்புச் சான்றிதழ்.

இரண்டு, புங்கை. கழுத்து வரை காங்கிரீட். உடைத்தால் பிழைக்கும்.
ஒன்பது, பூவரசு. சாய்ந்தபடியே நாற்பது வருடம் நின்றிருக்கிறது, நிற்கட்டும்.
பதிமூன்று, கொன்றை. உச்சியிலிருந்து காய்கிறது.
வெட்டலாம் என்று நானே எழுதினேன்.
முருங்கைகள் பட்டியலில் வராது.

பதினேழு, தூங்குமூஞ்சி.
தெற்கே தட்டினால் ணங்.
வடக்கே டொப், காலிக் குடம்.
துளைக்கருவியின் ஊசி நான்கு அங்குலம் போய்
இரும்பில் முட்டி ஒடிந்தது.
யாரோ சைக்கிளுக்காகச் சுற்றிய சங்கிலி.
சைக்கிள் போய்விட்டது,
மரம் விடவில்லை.

"பொந்துதானே மேடம்," என்றார் பொறியாளர் தினகரபாண்டி,
"ஆபத்தானதுன்னு ஒரே வார்த்தை போடுங்க."
பொந்துதான்.
ஆனால் சுற்றுச்சுவர், ஆரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல்.
உங்கள் விளக்குக் கம்பமும் உள்ளே வெற்றுதான் சார்,
நிற்கிறதே.

தொண்ணூறு சென்டிமீட்டர் தண்டு. பன்னிரண்டால் பெருக்கினேன்.
பத்தேமுக்கால் மீட்டரும் கொஞ்சமும்.
அந்த வட்டத்துக்குள் ஜேசிபி வரக்கூடாது,
ஜல்லி கொட்டக்கூடாது,
கழிவுநீர்க் குழாய் சுற்றிக்கொண்டு போகட்டும்.
சுண்ணாம்பு தீரும்வரை குனிந்து நடந்தேன்.

மாலையில் ஒரு போன்.
ஏகவள்ளி. பழைய எஃப் பிளாக், இரண்டாம் மாடி.
இப்போது கொடுங்கையூரில் வாடகை, ஐந்தாவது வருடம்.
"குழாயைச் சுத்தி வுட்டா ஒன்றரை மாசம் தள்ளிப்பூடுமாமே?"
ஆமாம்.
"வட்டம் எவ்ளோ பெருசு?"
சொன்னேன்.
அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது. பேனா ஓடியது.
"மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் சதுர அடி வருது.
எங்களுக்கு நானூறு.
ஒம்போது குடும்பம் அடங்கும் மேடம், அந்தக் கோட்டுக்குள்ள."

வேரும் மூச்சுவிடும் என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"தெரியும். அதோட கொம்பு எங்க ஜன்னல்லதான் இடிக்கும்.
பகல்லயே அது இலைய மூடிச்சின்னா
மழைன்னு துணி எடுத்துருவேன்.
வெட்டச் சொல்லல.
கணக்குச் சொன்னேன்."
வைத்துவிட்டாள்.

அறிக்கை இங்கிலீஷில்.
வெட்டலாம் என்பதற்கு ஒரு வரி போதும்,
வைக்கலாம் என்பதற்கு ஐந்து பக்கம்.
மூன்று மணிக்கு ஒரு வழி அகப்பட்டது:
வேருக்கு அடியில் துளைத்துக் குழாயைத் தள்ளினால்
பன்னிரண்டே நாள். பணம்தான் கூடும், மாதம் கூடாது.
தினகரபாண்டி படித்துவிட்டு, "பாக்கலாம்," என்றார்.
அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் என்ன பொருள் என்று
எனக்குத் தெரியும்.

இன்று போனேன்.
வட்டத்துக்குள் நாற்பது சிமெண்ட் மூட்டை.
வேலிக்குக் கொடுத்த தகரம்
வேலையாட்களின் பெண்கள் குளிக்க மறைப்பாகியிருந்தது.
கேட்க வாய் வரவில்லை.
கலவை மிஷின் கழுவிய தண்ணீர்
சாம்பலாய்ப் பதினேழை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.
செருப்புக் காலால் மண்ணை இழுத்து வரப்பு வைத்தேன்.

நின்றது.
கொஞ்சம் யோசித்து
இடது பக்கமாக வழி பார்த்தது.